பூங்காவும் பங்காளிகளும்

சென்ற தவணையில் ஒரு நாள் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்வளப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். நாளேட்டில் வந்த செய்தி ஒன்றைப் படித்துக்காட்டி, அதிலுள்ள அருஞ்சொற்களுக்குப் பொருள் கேட்பது என் நெடுநாள் வழக்கம். அன்றைய செய்தியில் ‘பல்கலைக்கழகத்தை ஒட்டிய தொழில்நுட்பப் பூங்கா’ என்றொரு தொடர் வந்தது. பொருள் கேட்டேன். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகன் எழுந்து, “ஐயா, அந்தப் பூங்காவில் ஊஞ்சல் இருக்குமா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லை நம்பிக் கேட்ட கேள்வி அது. பூங்கா என்று பெயர் வைத்தவர்கள் பெரியவர்கள். பூங்கா என்றால் அங்கே தனக்கும் இடம் இருக்கும் என்று ஒரு சிறுவன் நினைத்தால் அஃது அவன் பிழையாகுமா?

ஒரு நூலை எடுத்து, அதன் சொல்லையும் பொருளையும் அமைப்பையும் ஆராய்ந்து நிறைகுறை கூறுவதைத் திறனாய்வு என்கிறோம். அம்முறையை ஒரு திட்டத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம் அன்றோ? அரசும் தனியாரும் கூடிப் பல்கலைக்கழகத்தோடு இணைத்து அமைக்கும் தொழில்நுட்பப் பூங்காக்கள் நம் கிள்ளான் பள்ளத்தாக்கிற்குப் புதியன அல்ல. அவற்றை வானளாவப் புகழ்வோர் உளர். முற்றாக வெறுப்போரும் உளர். இவ்விரண்டும் திறனாய்வு ஆகா. சொல்லுக்கும் செயலுக்கும் பொருத்தம் உண்டா என்று பார்ப்பதே நம் வேலை.

சொல்லும் பொருளும்

பூங்கா என்பது பூவும் காவும் சேர்ந்த சொல். கா என்றால் சோலை. காத்தல் என்னும் வினையிலும் அந்தக் ‘கா’ ஒலிக்கிறது. கா என்பதற்குத் தமிழ் அகராதிகள் இன்னொரு பொருளும் கூறும். தோளில் சுமை தூக்கும் தடி என்பது அது. காவடி என்னும் சொல்லில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலையில் எடுத்த பாலை இரண்டு வாளிகளில் நிரப்பி, காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் மாட்டிக் கொட்டகைக்குச் சுமந்து சென்ற தாய்மார்களை என் தலைமுறையினர் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள்.

சோலை, காவல், சுமைத்தடி ஆகிய மூன்று பொருள்களையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பழைய பூங்காக்கள்

நம் நாட்டில் தொழில்நுட்பம் உண்மையாகவே ஒரு பூங்காவில் பிறந்தது. பிரேசில் நாட்டு ரப்பர் விதைகள் 1876இல் இலண்டனிலுள்ள கியூ தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கு முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவுக்கு அனுப்பப்பட்டன. 1888இல் அப்பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் வழியை ஆராய்ந்து கண்டார். பட்டையில் சாய்வாக ஒரு கோடு கீறி, அடுத்தடுத்த முறை அதே வெட்டின் ஓரத்தை மெல்லியதாகச் சீவினால் பால் மீண்டும் வடியும். பட்டைக்கு அடியிலுள்ள வளரும் பகுதியில் கத்தி படாவிட்டால் பட்டையும் மறுபடி வளரும். இந்த ஓர் உண்மையின்மேல்தான் மலாயாவின் ரப்பர்த் தொழில் எழுந்தது. நம் முன்னோரில் பெரும்பாலோர் கப்பலேறியதும் அதன் பயனாகவே. காப்பார்ச் சாலையின் இருபுறமும் ஒரு காலத்தில் நின்ற பால்மரங்கள் யாவும் அந்தப் பூங்காவின் வழித்தோன்றல்கள் எனலாம்.

இரண்டாவது பூங்கா நமக்கு இன்னும் அண்மையில் இருந்தது. 1925இல் மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. சுங்கை பூலோவில் அதன் ஆய்வுத் தோட்டம் அமைந்தது. ஏற்றுமதியாகும் ரப்பரின்மேல் விதிக்கப்பட்ட தீர்வைப் பணம் அதன் செலவுக்கு உதவியது. அரசு சட்டம் செய்தது. தோட்டத்தொழில் பணம் கொடுத்தது. அரசு–தனியார் கூட்டு என்று இன்று நாம் புதுமையாகப் பேசுவது ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பே நம் வட்டாரத்தில் நடந்திருக்கிறது. அக்கழகம் உருவாக்கிய ‘ஆர்.ஆர்.ஐ.எம். 600’ என்னும் ரப்பர் இனம் பல நாடுகளில் நடப்பட்டுப் புகழ் பெற்றது. ஓர் இனத்தின் தரத்தைச் சொல்ல வேண்டுமானால் ஆண்டுக்கணக்கில் அதை வெட்ட வேண்டும், வடியும் பாலை அளக்க வேண்டும், பட்டை மீண்டும் வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். கத்தி பிடித்த கை தோட்டத் தொழிலாளியின் கை. பாலின் அளவு ஆய்வேட்டில் ஏறியது. வெட்டியவரின் பெயர் அதில் ஏற வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

அந்த வட்டாரத்தில் எழுந்த ஒரு தமிழ்ப்பள்ளி இன்றும் ‘சுங்கை பூலோ ஆர்.ஆர்.ஐ. தமிழ்ப்பள்ளி’ என்றே வழங்குகிறது. ஓர் ஆய்வுக் கழகத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளி அது. ஆனால், அக்காலத்தார் கண்ணில் ஆய்வு ரப்பருக்கு. பள்ளி தொழிலாளர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதற்கு. பள்ளியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு ஒரு வழி போட வேண்டும் என்பது அவர்கள் கணக்கில் இல்லை. ஆய்வுக் கழகம் 1998இல் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைந்துவிட்டது. சுங்கை பூலோ ஆய்வு நிலத்தில் 2,330 ஏக்கரை ஊழியர் சேமநிதி வாரியத்தின் துணை நிறுவனம் குவாசா டமன்சாரா என்னும் நகரமாக எழுப்பி வருகிறது. பழைய மரங்கள் போயின. பள்ளியின் பெயரில் ஆய்வுக் கழகத்தின் எழுத்துக்கள் எஞ்சி நிற்கின்றன.

இதிலிருந்து பெறும் பாடம் ஒன்று உண்டு. நிலம் கைமாறும், கட்டடம் மாறும், பயிரும் மாறும். ஒரு பூங்கா தன் காலம் முடிந்த பின்னும் விட்டுச்செல்லக் கூடியது அதில் பயின்ற மக்களையே. ஆகவே, எந்தப் பூங்காவையும் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அங்கே யார் பயின்றார்கள் என்பதாகும்.

புதிய பூங்காவின் அமைப்பு

இக்காலத் தொழில்நுட்பப் பூங்காவுக்கு மூலம் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். அப்பல்கலைக்கழகத்துக்கு நிலம் மிகுதி, பணம் குறைவு. நிறுவியவரின் கொடைப் பத்திரப்படி நிலத்தை விற்கவும் இயலாது. எனவே, 1951இல் ஒரு பகுதியை நெடுங்காலக் குத்தகைக்கு விட்டுத் தொழிற்பூங்கா ஒன்றைத் தொடங்கினார்கள். பொறியியல் துறைத் தலைவராயிருந்த ஃபிரெடரிக் டெர்மன் அதற்கு ஊக்கம் கொடுத்தவருள் முதன்மையானவர். குத்தகைப் பணம் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. பேராசிரியர்கள் நடைதூரத்தில் இருந்த நிறுவனங்களுக்கு அறிவுரை கூறினர். நிறுவனப் பொறியாளர்கள் வகுப்புக்கு வந்து மேற்படிப்புப் படித்தனர். பின்னர் 1970இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி தன் நிலத்தில் ஒரு பூங்காவைத் தொடங்கியது. 1980இல் தைவான் அரசு இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு அருகில் சின்ச்சு அறிவியற் பூங்காவை அமைத்தது. அங்கே 1987இல் அரசும், பிலிப்ஸ் நிறுவனமும், உள்நாட்டுத் தனியாரும் பங்கு போட்டுத் தொடங்கிய சில்லுத் தொழிற்சாலைதான் இன்று உலகமே எதிர்பார்த்து நிற்கும் டி.எஸ்.எம்.சி.

கூட்டு என்பது எப்படி நடக்கிறது? அரசு நிலம் தருகிறது. சாலையும் மின்சாரமும் தண்ணீரும் தருகிறது. சில ஆண்டுகளுக்கு வரியை விட்டுக்கொடுக்கிறது. தனியார் பணம் போட்டுக் கட்டடம் எழுப்புகின்றனர் அல்லது எழுப்பிய கட்டடத்தில் வாடகைக்கு அமர்கின்றனர். பல்கலைக்கழகம் அறிவாளரையும் ஆய்வுக்கூடத்தையும் மாணவரையும் தருகிறது. மூன்று பங்காளிகளுள் முதல் இருவரின் பங்கு ஏக்கரிலும் வெள்ளியிலும் துல்லியமாக எழுதப்படுகிறது. மூன்றாமவரின் பங்கு பெரும்பாலும் ‘ஒத்துழைப்பு’ என்னும் ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறது. என் குற்றச்சாட்டு முழுவதும் இந்த ஒரு சொல்லைப் பற்றியதே.

நம் பள்ளத்தாக்கில்

இனி நம் ஊர்ப் பூங்காக்களைக் காண்போம். புக்கிட் ஜாலில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்கான அரங்கமும், மலேசியத் தொழில்நுட்பப் பூங்காவும் அவ்வட்டாரத்தில் எழுந்தன. 686 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பூங்கா 2021 முதல் ‘மிராந்தி’ என்னும் அரசு நிறுவனத்தின்கீழ் நடக்கிறது. ஆசிய பசிபிக் பல்கலைக்கழகம் என்னும் தனியார் பல்கலைக்கழகம் அவ்வளாகத்திலேயே இயங்குகிறது. தோட்டத்தின் கடைசிக் குடும்பங்கள் வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் போராடின என்பதை நாளேடு படிப்போர் அறிவர். புக்கிட் ஜாலில் தோட்டத் தமிழ்ப்பள்ளி அப்பெயரை இன்னும் காத்து வருகிறது. செர்டாங்கில், 1931இல் விவசாயப் பள்ளியாகத் தோன்றி வளர்ந்த புத்ரா பல்கலைக்கழகத்தின் வளாகத்தில், 1992இல் அமைந்த மலேசியத் தொழில்நுட்ப மேம்பாட்டுக் கழகம் ஒரு தொழில்நுட்ப மையத்தை ஏற்படுத்தியது. ஆய்வில் கண்டதைச் சரக்காக்க விரும்பும் சிறு நிறுவனங்களுக்கு இடம் கொடுப்பது அதன் நோக்கம்.

இவை எல்லாவற்றிலும் பெரியது 1996இல் தொடங்கிய பல்லூடகப் பெருவழித் திட்டம். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்திலிருந்து சிப்பாங் விமான நிலையம் வரை 50 கிலோமீட்டர் நீளமும் 15 கிலோமீட்டர் அகலமும் கொண்ட நிலப்பரப்பு அதற்கென வகுக்கப்பட்டது. அதன் நடுவே ஏறத்தாழ 7,000 ஏக்கரில் சைபர்ஜெயா எழுந்து, 1999இல் திறப்புவிழாக் கண்டது. நிலத்தை மேம்படுத்தத் தனியார் நிறுவனம் அமர்ந்தது. தெலிகோம் மலேசியாவின் உடைமையான மல்டிமீடியா பல்கலைக்கழகம், 1996இல் மலாக்காவில் தொடங்கியது, 1999இல் சைபர்ஜெயாவில் தன் வளாகத்தைத் திறந்தது. பல்கலைக்கழகம், அரசு, தனியார் ஆகிய மூவரையும் ஒரே நகரில் உட்கார வைத்த முயற்சி இது. இத்துணைத் துணிவான முயற்சியைக் குறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து முன்னேறியதை நானே அறிவேன்.

நிறையைச் சொன்னோம், குறையையும் சொல்ல வேண்டும். அத்திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்களுக்கு அரசு பத்து உறுதிமொழிகளை அளித்தது. எங்கிருந்தும் ஆட்களை அமர்த்திக்கொள்ளும் உரிமை, உள்நாட்டார்க்குப் பங்கு தர வேண்டும் என்னும் விதியிலிருந்து விலக்கு, இணையத்துக்குத் தணிக்கையின்மை ஆகியவை அவற்றுள் சில. 10 ஆண்டு வரை வருமான வரிவிலக்குப் பெறவும் வழி இருந்தது. நிறுவனங்களுக்கும் நிபந்தனைகள் உண்டு. அறிவுத் தொழிலாளரைக் கணிசமாக அமர்த்த வேண்டும், தொழில்நுட்பம் நாட்டுக்கு வந்து சேர உதவ வேண்டும் என்பன அவை. 2022இல் ‘மலேசியா டிஜிட்டல்’ என்னும் புதிய ஏற்பாடு இதன் இடத்துக்கு வந்தது. பழைய ஏற்பாட்டை ஒரு தமிழாசிரியன் கண்கொண்டு படித்தால், இலக்கண வேறுபாடு ஒன்று புலப்படும். நிறுவனங்களுக்குக் கொடுப்பது எண்ணால் எழுதப்பட்டது. நிறுவனங்களிடம் கேட்பது பெயரடையால் எழுதப்பட்டது. ‘10 ஆண்டு’ என்பதைக் கணக்கிடலாம். ‘உதவ வேண்டும்’ என்பதை எந்தக் கோலால் அளப்பது?

ஒரு பதிவேடு

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதாயின் நான் எழுதியிரேன். என் பள்ளியில் படித்த ஒரு பெண் பல்கலைக்கழகத்தில் கணினித்துறை பயின்றாள். இறுதியாண்டுக்கு முன் தொழிலகப் பயிற்சிக்காக ஒரு பூங்காவிலுள்ள நிறுவனத்தில் 12 வாரம் இருந்தாள். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பூங்கா, எந்த நிறுவனம் என்பது இங்கு வேண்டா. நாள்தோறும் விடியுமுன் எழுந்து, காப்பாரிலிருந்து கிள்ளானுக்குப் பேருந்து, கிள்ளானிலிருந்து இரயில், பிறகும் ஒரு பேருந்து என்று போய் வந்தாள். பயிற்சி முடிந்ததும் தன் பதிவேட்டை என்னிடம் காட்ட வந்தாள். ஆசிரியன் அல்லவா, எழுத்துப் பிழை திருத்தித் தருவேன் என்று நினைத்தாள் போலும்.

பிழை அதிகம் இல்லை. முதல் வாரம் அறிமுகம். இரண்டாம் வாரம் வருகையாளர் பட்டியல். மூன்றிலிருந்து ஏழு வரை பழைய விலைச்சீட்டுகளைக் கணினியில் ஏற்றுதல். எட்டாம் வாரம் கூட்டத்துக்கு நாற்காலி போடுதல். ஒன்பதாம் வாரம் பெருங்கணினி அறையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தல். பதினோராம் வாரம் அவளாகவே ஒரு சிறு நிரல் எழுதி, விலைச்சீட்டு ஏற்றும் வேலையைப் பாதியாகக் குறைத்திருக்கிறாள். அதை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. மேற்பார்வையாளர் குறிப்பு என்ற கட்டத்தில் ‘நன்று’ என்னும் ஒரே சொல், 12 முறை, ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தது. முப்பதாண்டுகளாகப் பயிற்சி ஏடு திருத்தி வருபவனுக்கு அதைக் கண்டுகொள்வது அரிதன்று. பன்னிரண்டும் ஒரே அமர்வில் போட்ட கையெழுத்து.

அவள் தந்தை வாசலில் நின்றிருந்தார். “இதுக்குத்தானாங்கையா மூணு மாசம் இருட்டுல எந்திரிச்சுப் போனா?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

அந்த மேற்பார்வையாளரை நான் பழிக்க மாட்டேன். அவருக்கு அவர் வேலை இருந்தது. அந்தப் பெண் என்ன கற்றாள் என்பது யாருடைய வேலையாகவும் எழுதப்படவில்லை. நிறுவனத்தின் குத்தகைப் பத்திரத்தில் வாடகை இருந்திருக்கும், வாகன நிறுத்துமிடம் இருந்திருக்கும், குப்பை அகற்றும் கட்டணம்கூட இருந்திருக்கும். மாணவர் என்னும் சொல் இருந்திருக்குமா? இருந்திருந்தால் ‘ஒத்துழைப்பு’ என்னும் போர்வைக்குள் இருந்திருக்கும்.

தரமணியில் ஒரு மறுமொழி

நிறுவனங்கள் இலாபத்துக்கு வருபவை, பள்ளிக்கூடம் நடத்த வருபவை அல்ல, கடுமையான விதி போட்டால் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்று சிலர் கூறுவர். தள்ளிவிடக் கூடிய வாதம் அன்று இது. இதற்கு மறுமொழியைத் தமிழ்நாட்டில் காணலாம்.

சென்னைத் தரமணியில் இரண்டு பூங்காக்கள் ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளன. ஒன்று டைடல் பூங்கா. டிட்கோ, எல்காட் என்னும் இரு மாநில அரசு நிறுவனங்களின் பெயர்களைச் சேர்த்து அமைந்த பெயர் அது. 2000இல் திறக்கப்பட்டது. அலுவலக இடம் கொடுப்பது அதன் தொழில். அதைச் செம்மையாகவே செய்து, ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை கிடைக்கச் செய்தது. மற்றொன்று 1959இல் நிறுவப்பட்ட சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுப் பூங்கா. 2010இல் அதன் முதற்கட்டம் செயற்படத் தொடங்கியது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா அதை உருவாக்கி வளர்த்தவருள் முன்னின்றவர். இந்தப் பூங்காவில் இடம் பெறும் நிறுவனம் வாடகை கொடுத்தால் மட்டும் போதாது. கழகத்தோடு சேர்ந்து ஆய்வு செய்து புள்ளிகள் ஈட்ட வேண்டும். கூட்டு ஆய்வு நடத்தினால் புள்ளி. மாணவருக்குப் பயிற்சி வேலை தந்தால் புள்ளி. தன் ஊழியரை மேற்படிப்புக்கு அனுப்பினால் புள்ளி. பேராசிரியரின் அறிவுரையைப் பெற்றால் புள்ளி. எடுத்துக்கொண்ட இடத்தின் பரப்புக்கு ஏற்றவாறு கடமையும் கூடும். ‘ஒத்துழைப்பு’ என்னும் சொல்லை எண்ணாக மாற்றிவிட்டார்கள் என்பதே இதன் சிறப்பு.

இந்த விதியைக் கண்டு நிறுவனங்கள் ஓடிவிட்டனவா? இல்லை. பூங்கா நிறைந்து விரிந்தது. காரணம் எளியது. நல்ல மாணவரை இரண்டாண்டு முன்னதாகவே பழகித் தெரிந்துகொள்வது நிறுவனத்துக்கும் இலாபமே.

ஆயினும், தரமணி முழு விடை ஆகாது. அக்கழகத்தில் நுழைவது ஊசிமுனையில் நுழைவதை ஒக்கும். அங்கே படிக்கும் பிள்ளை ஏற்கெனவே பல மலைகளைக் கடந்து வந்த பிள்ளை. பல்கலைக்கழகத்துக்கும் பூங்காவுக்கும் இடையே தரமணி பாலம் போட்டது. பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலுள்ள ஆறு அப்படியே இருக்கிறது. அன்றியும், புள்ளி முறையும் நாளடைவில் சடங்காகிவிடக்கூடும். ‘நன்று’ என்று 12 முறை ஒரே மையில் எழுதும் கைக்குப் புள்ளி போடவும் தெரியும். ஆகவே, விதி எழுதினால் போதாது; பதிவேட்டைப் படிக்கும் ஒருவரும் வேண்டும்.

‘பொது’ என்னும் சொல்

இனி, இத்திட்டங்களுக்கு நாம் தரும் தமிழ்ப்பெயரை நோக்குவோம். ‘பொது–தனியார் கூட்டு’ என்று எழுதுகிறோம். தமிழில் ‘பொது’ என்பது அரசைக் குறிக்கும் சொல் அன்று. ஊர்ப்பொது என்றால் ஊரார் எல்லார்க்கும் உரியது. பொதுக் கிணறு என்றால் யாரும் நீர் இறைக்கலாம். இந்தத் திட்டங்களில் கையெழுத்திடுவது அரசும் நிறுவனமும். அப்படியானால் ‘அரசு–தனியார் கூட்டு’ என்று எழுதுவதே நேர்மை. ‘பொது’ என்று எழுத விரும்பினால், பொதுமக்களுக்கும் பத்திரத்தில் ஒரு பத்தி இருக்க வேண்டும். அங்கு முன்பு குடியிருந்தவர்கள், அருகிலுள்ள பள்ளிகள், அங்கே பயில வரும் மாணவர் ஆகிய இவர்கள்தாம் அந்தப் பொது. பங்காளி என்றால் நம் வழக்கில் பாகத்துக்கு உரிமையுள்ளவன். உரிமை மறுக்கப்பட்டால் கேட்க வருபவனும் அவனே. விருந்தாளிக்கு அவ்வுரிமை இல்லை. நம் பிள்ளைகள் இந்தப் பூங்காக்களில் இன்று விருந்தாளிகளாக இருக்கிறார்கள்.

பத்திரத்தில் மூன்று வரிகள் வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, இத்தனை சதுர அடிக்கு ஆண்டுக்கு இத்தனை மாணவர், அவர்களுக்குப் பெயர் குறிப்பிட்ட ஒரு வழிகாட்டி, முடிவில் அவர்கள் செய்து முடித்த வேலை இன்னது என்று எல்லாரும் படிக்கத்தக்க ஓர் ஆண்டறிக்கை. இரண்டாவது, பல்கலைக்கழகத்தின் கடமை. மாணவரை அனுப்பிவிட்டு ஒருமுறை வந்து தேநீர் அருந்திப் போகும் விரிவுரையாளர் போதாது. பதிவேட்டைப் படித்துக் கேள்வி கேட்பவர் வேண்டும். மூன்றாவது, நிலக் குத்தகையில் ஒரு சிறு பங்கு சுற்றுவட்டாரப் பள்ளிகளின் அறிவியற்கூடத்துக்குச் செல்ல வேண்டும். இது தருமம் அன்று. ரப்பரின்மேல் தீர்வை போட்டு ரப்பர் ஆய்வை நடத்திய நாடு இது. பூங்காவின்மேல் தீர்வை போட்டுப் பூங்காவுக்கு வேண்டிய அறிவாளரை வளர்ப்பதில் புதுமை ஒன்றும் இல்லை.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

குறையைப் பிறர்மேல் மட்டும் போட்டுவிட்டு நாம் விலகிக்கொள்ளல் ஆகாது. அந்தப் பெண்ணின் பதிவேட்டில் எனக்கு வேறொன்றும் உறுத்தியது. பதினோராம் வாரம் அவள் எழுதிய நிரலைப் பற்றி அவளே ஒரு வரிதான் எழுதியிருந்தாள். அதனால் எத்தனை மணி நேரம் மிச்சமாயிற்று, எவ்வாறு சோதித்தாள், இன்னும் என்ன ஐயம் உள்ளது என்று எழுதத் தோன்றவில்லை. சொன்னதைச் செய்து, செய்ததைச் சுருக்கமாக எழுதி, ‘நன்று’ வாங்கும் பழக்கத்தை அவளுக்குக் கற்பித்தவர் யார்? நாம்தாம். நான்தான் அவளுக்கு ஆறாம் ஆண்டில் கட்டுரை கற்பித்தேன்.

ஆகவே, என் பள்ளியில் இந்த ஆண்டு ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் வாரம் ஒருமுறை மூன்று பத்தியுள்ள குறிப்பேடு எழுதுகிறார்கள். செய்தது, கண்டது, ஐயம் என்பன அப்பத்திகள். மழைமானியில் அளந்த மழை, அவரை விதை முளைத்த நாள், பள்ளிக் குழாயில் வீணாகும் நீர் என எதையும் எழுதலாம். ஐயம் என்னும் பத்தி வெறுமையாக இருந்தால் நான் கையெழுத்திடுவதில்லை. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டா. தீர்வைப் பணமும் வேண்டா. தமிழாசிரியர்கள் தம் பள்ளிகளில் இதைச் செய்து பார்த்து, பயன் உண்டா இல்லையா என்று எழுதினால் மகிழ்வேன்.

இரண்டு வாளியும் சமமாக இருந்தால் காண்டாக் கம்பைச் சுமப்பவர்க்குத் தோள் நோவாது என்று என் தாயார் சொல்வார். அரசின் வாளியும் தனியாரின் வாளியும் இன்று நிறைந்திருக்கின்றன. சுமக்கப்போகும் தோள் எது என்று கேட்டு, அதற்கும் ஒரு பங்கு எழுத வேண்டும் என்பதே இத்திறனாய்வின் முடிவு.

ஊஞ்சல் கேட்ட சிறுவனிடம் அன்று, “ஊஞ்சல் இல்லை தம்பி, ஆனால் நீ போக வேண்டிய இடந்தான்” என்று சொல்லி உட்கார வைத்தேன். “போனா உள்ளே விடுவாங்களா ஐயா?” என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டான். அவனுடைய குறிப்பேட்டில் அந்த வார ஐயமாக அதையே எழுதச் சொன்னேன். எழுதியிருக்கிறான். கையெழுத்தும் இட்டுவிட்டேன். அவன் பல்கலைக்கழகம் செல்லும் வயதை அடைய ஏழெட்டு ஆண்டுகள் உள்ளன. குத்தகைப் பத்திரம் எழுதுவோர்க்கு அது போதிய காலமே.